பெட்டி தனியாப் போகாது

– முடியாதுன்னா முடியாது பாப்பா. ஷாமியானா வேணுமா, எடுத்துக்கோ. சேரு வேணுமா, ஐநூறு கீது, நாலு காலும் ஒழுங்கா நிக்கும். சீரியல் லைட்டு குமணன்சாவடிலேர்ந்து வானகரம் வரிக்கும் கட்டித் தரேன். அந்தப் பொட்டிய மட்டும் கேக்காத.

– பாய், எனக்கு சேர் வேண்டாமுங்க. சேரெல்லாம் ஹால்லயே இருக்குது. அந்த சிந்தசைசர்தானுங்க வேணும். நாளைக்கு ஒரு நாள் மட்டும்.

– சிந்த... இன்னா?

– பழைய கீபோர்டுங்க. மரச் சட்டம் போட்டது. அதா, அந்தப் போர்வைக்கு அடியில இருக்குதே.

– அது அயர்ன் பண்ற டேபிளு.

– அயர்ன் டேபிளுக்கு வெள்ளைக் கட்டை, கருப்புக் கட்டை எல்லாம் இருக்குமுங்களா? ஓரத்துல தெரியுதுங்க.

– நசீம்! போர்வைய ஒழுங்காப் போத்த மாட்டியா?

– நேத்து போத்துனது நீங்கதான? ஏம்மா, பேரு இன்னா சொன்ன?

– நிவேதிதாங்க. வானகரத்துல ஃப்ளாட்டுல இருக்கறேன். கச்சேரி நடத்தற கம்பெனியில வேலை.

– கேட்டுக்கோ நிவேதிதா. டீ குடி, பிஸ்கட்டு தின்னு, கெளம்பு. அவரு சுத்தி வளைப்பாரு, நான் நேராச் சொல்லிட்டேன். அது வாடகைச் சாமான் இல்ல. கடை கீழ கீது, நீ ஏறி வந்து ஒக்காந்திருக்கறது ஊடு. ஊட்டுச் சாமான் அது. அவ்ளோதான்.

– நசீம், அப்டி சொல்லாத. கடை தொறந்ததும் வந்த மொத ஆளு. போணி. போணிய வெறுங்கையோட அனுப்புனா சாய்ந்தரம் வரிக்கும் ஈதான் ஓட்டணும்.

– அப்ப பத்து சேரு குடுத்து அனுப்புங்க.

– அதான் சேர் வேண்டாமுன்னு சொல்லிட்டேனுங்களே!

– பாத்தியா, போணி அழுவுது. நீ ஒக்காரு பாப்பா. மொதல்லேர்ந்து சொல்லு. யாரு வர்றா, எதுக்கு வர்றா, என் பொட்டி மேல ஏன் கண்ணு?

– லண்டன்ல இருந்து வர்றாங்க பாய். ‘டின் சேட்டலைட்ஸ்’னு ஒரு பேண்டு. எண்பத்தி மூணு, எண்பத்தி நாலுல ரொம்பப் பேமஸ். பாதி மெஷினு, பாதி மனுஷன், அந்த மாதிரிப் பாட்டு. அந்தக் காலத்து பேண்டெல்லாம் இப்ப மறுபடியும் ஒண்ணு சேந்து ஊர் ஊரா வர்றாங்க. சிங்கப்பூர், பாங்காக், கொழும்பு, நாளைக்கு வானகரம்.

– லண்டன்காரன் வானகரத்துக்கா? பைபாஸ்ல மாட்டிக்கினாத்தான் வருவாங்க அங்க.

– பெரிய ஹால் அங்கதானுங்க கெடச்சுது. ரெண்டாயிரம் டிக்கெட்டு வித்துருச்சு. எல்லாம் அம்பது, அறுபது வயசு ஆளுங்க. ஹைதராபாத்துல இருந்தெல்லாம் வர்றாங்க. ஒருத்தரு எண்பத்தஞ்சுல தெச்ச கோட்டைப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பி, இதுல வரலாமான்னு கேக்கறாரு.

– பத்திச்சா?

– பட்டன் போடாம வரச் சொல்லிட்டேன்.

– புத்திசாலி. சரி, லண்டன்காரன் வெறுங்கைய வீசிக்கினா வந்தான்?

– கொண்டு வந்தாங்க பாய். வர்ற வழியில எங்கயோ மழையில நின்னு உள்ள தண்ணி எறங்கிருச்சு. நேத்து ஆன் பண்ணோம், பொகை வந்துச்சு.

– லேப்டாப்புல தட்டுனா வராதா? என் அக்கா மவன் பாசித் லேப்டாப்புலயே நாதஸ்வரம், மேளம், மைக்குல இருமுறது வரிக்கும் எல்லாம் வர வெக்கிறான்.

– வரும். பாடறவருதான் ஒத்துக்க மாட்டேங்கறாரு. அறுபத்தேழு வயசு, இடுப்புல ஆபரேஷன், பிடிவாதம் மட்டும் இருவது வயசுல நிக்குது. அந்தச் சத்தத்த லேப்டாப்புல கேட்டா பல் செட்டு சிரிக்கற மாதிரி இருக்குதாம். அவங்க பெரிய பாட்டு ஒண்ணு இருக்குதுங்க, பாதிப் பேரு அதுக்காகத்தான் வர்றாங்க. பழைய பொட்டி இல்லீன்னா அதப் பாட மாட்டேன்னுட்டாரு. அது இல்லாம கச்சேரி நடந்தா நாளை மறுநாள் நான் ஈரோட்டுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

– என்கிட்ட கீதுன்னு எவன் சொன்னான்?

– ராத்திரியெல்லாம் தேடுனேனுங்க. யூடியூப்ல ஒரு கல்யாண வீடியோ. பூந்தமல்லி, எண்பத்தெட்டு. ‘நிலாத்துண்டு மெல்லிசைக் குழு’ன்னு போர்டு. மாப்பிள்ளை உள்ள வர்றாரு, பின்னாடி எங்க பேண்டோட அதே பாட்டு! வார்த்தையில்லாம ம்யூசிக் மட்டும். மேடையில நீங்க, வெள்ளைக் கோட்டு, கூலிங் கிளாஸ்...

– ஹாங். நான்தான். நம்ம அப்துல் ரசாக் தம்பி நிக்காஹ் அது.

– முடியெல்லாம் இருந்துச்சுங்க பாய்.

– அந்த முடியப் பாத்துதான் நான் ஏமாந்தது.

– ஆமா, இவ மட்டும் ஏமாந்துட்டா. மேல சொல்லு பாப்பா.

– அந்தப் பாட்டு எதப் பத்தின்னு தெரியுமுங்களா பாய்? பொண்டாட்டி விட்டுட்டுப் போனதப் பத்தி.

– எவனுக்குத் தெரியும்? பர்மா பஜார்ல கேசட்டு வாங்குனோம், கேட்டோம், வாசிச்சோம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூரு, சுத்துவட்டாரத்துல நூறு மாப்பிள்ளைங்க அந்தப் பாட்டுலதான் மண்டபத்துக்குள்ள நொழஞ்சாங்க.

– ஒருத்தனையும் விட்டுட்டுப் போவல. எல்லாம் நல்லாத்தான் கீறாங்க. அவங்க ஊருல பாட்டு வேலை செஞ்சிச்சி, நம்ம ஊருல செய்யல.

– ஒரு சந்தேகமுங்க. வீடியோவுல உங்க முன்னாடி இருக்கறது சின்ன கீபோர்டு. ஆனா சத்தம் பெரிய பொட்டியோடது. இருவது தடவ ஓட்டிப் பாத்தேன்.

– கண்ணு கூர்மதான் ஒனக்கு. பெரிய பொட்டி திரைக்குப் பின்னாடி கீது, பொம்பளைங்க பக்கம். மேடை லைட்டு சூடு பட்டா சுருதி எறங்கிரும். பச்சப் புள்ள மாதிரி நெழல்லயே வெச்சிருக்கணும்.

– அப்ப ரெண்டுக்கும் ஒயர் இழுத்து...

– ஆமாமா, ஒயருதான். எல்லாம் ஒயர்லதான் ஓடிச்சி. டீ ஆறுது, குடிம்மா.

– குடிக்கறேனுங்க. பாய், வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க.

– நீ சொல்லு.

– பொருள் உங்களுது. நீங்கதானுங்க சொல்லணும்.

– தேவ உன்னுது. நீதான் சொல்லணும்.

– எங்கப்பா ஈரோட்டுல ஜமக்காளக் கடைங்க. ஒரு தடவ கொள்முதலுக்கு வந்தவர்கிட்ட நான் மொதல்ல வெலய சொல்லிட்டேன்னு ரெண்டு மாசம் என்னைக் கல்லாப்பக்கம் விடல.

– ஜமக்காளமா! அடடா, அப்ப நீ நம்மாளு! நசீம், இன்னொரு டீ போடு.

– மொத டீயே அப்டியே கீதுங்க.

– நேரமில்ல, தோத்துட்டே சொல்றேன். இருவதாயிரம்.

– நான் பணம் பேசல பாப்பா.

– முப்பது.

– பணமே பேசல.

– பணம் பேசலீன்னு ஒருத்தரு ரெண்டு தடவ சொன்னா வெல ஏறுதுன்னு அர்த்தமுங்க.

– நெசமாவே பேசல. வாடக வேணா. டெம்போ கூலி மட்டும் குடு.

– ஐயையோ. அப்ப ஏதோ பெருசாக் கேக்கப் போறீங்க.

– பெருசு இல்ல. பொட்டி தனியாப் போவாது, அவ்ளோதான். அது கூட ஒரு கை வரும். அந்தப் பெரிய பாட்டு சொன்னியே, அந்த ஒரே பாட்ட இந்த ஊட்டு ஆளு வாசிக்கும். மேடையில, லண்டன்காரங்களோட நின்னுகினு.

– இன்னாங்க பேசுறீங்க?

– நீ இரு நசீம்.

– இன்னா இரு? அறுபத்திமூணு வயசுல மேடையா? கீழ குனிஞ்சி ஒரு ப்ளக்கு சொருவுனா நிமுர்றதுக்கு ஆள் கூப்புடுறீங்க.

– பாய், சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. அவங்களுக்கு கீபோர்டு வாசிக்க ஆள் இருக்காருங்க. நாப்பது வருஷமா அவருதான் வாசிக்கறாரு.

– வாசிக்கட்டும், மீதி பாட்டெல்லாம். இங்க வா, போர்வைய எடுக்குறேன். பாரு. இன்னா கீது?

– அம்மாடி! எத்தன திருகு! பக்கத்துல செவப்பா, ரோஸா புள்ளி புள்ளியா... என்னங்க இது, பெயின்ட்டா?

– நெயில் பாலிஷு. இந்தப் பொட்டிக்கு ஞாபகம் கெடையாது. ஒரு சத்தத்த இன்னிக்கி புடிச்சன்னா, ஆஃப் பண்ணா போச்சி. நாளைக்கு எல்லாத் திருகையும் மறுபடி அதே எடத்துல நிறுத்தணும். அதுக்குத்தான் புள்ளி. செவப்பு உன் லண்டன் பாட்டு. ரோஸு வேற பாட்டு.

– என் கல்யாணத்துக்கு யாரோ குடுத்த ரெண்டு பாட்டிலும்மா. நெயில் பாலிஷ் போட்டா தொழுவுறதுக்கு மின்ன கை கழுவுனது செல்லாது, நகத்துல தண்ணி படணும்ல. நான் போட்டுக்கல. இதுக்குப் போட்டேன்.

– நீங்க வெச்ச புள்ளிங்களா?

– ஊட்டுல வேற யாரு நெயில் பாலிஷ் வெச்சிருப்பா, இவரா?

– அதோட முடியல பாப்பா. இந்தக் கட்ட பாரு, நடுவுல அமுக்குனா ஊமை. ஓரமா அமுக்கணும். இது கொஞ்சம் லேட்டாப் பேசும், ஒரு கண் சிமிட்டு முன்னாடியே தொடணும். இதுக்குள்ள ஸ்ப்ரிங்கு போயி கொடைக் கம்பி வெச்சிக் கீது. உன் லண்டன்காரன் நாப்பது வருசம் வேற பொட்டியில வாசிச்சான். இது அவனுக்குத் தெரியாத ஊடு. ஒரு நாள்ல சுச்சி எங்க கீதுன்னே கண்டுபுடிக்க மாட்டான்.

– நீங்க சொல்றது நெசமா இருந்தாக்கூட, நான் எப்படிங்க நம்பறது? கேக்காம மேடையில ஏத்த முடியாதே.

– அப்டிக் கேளு. எண்பத்தொம்போதுல ரெக்கார்டு பண்ண கேசட்டு கீது. டெக்குல போடுறேன், நீ போன்ல புடிச்சி அந்த இடுப்பு ஆபரேஷனுக்கு அனுப்பு. அவரு வேணான்னா, நான் பத்து சேரு குடுத்து உன்ன அனுப்பிடுறேன்.

– வேணாங்க. கேசட்டெல்லாம் போடாதீங்க.

– ஏன் நசீம்?

– வேணான்னா வேணாம்.

– நீங்க ரெண்டு பேரும் சேந்து நடிக்கறீங்களான்னு எனக்கு ஒரே சந்தேகமா இருக்குதுங்க. எங்கப்பா அம்மாவும் இப்படித்தான். ஒருத்தர் குடுக்கலாம்பாங்க, ஒருத்தர் கூடாதும்பாங்க, கடைசியில ஜமக்காளம் ரெட்டை வெலைக்குப் போகும்.

– நடிப்பா? அதெல்லாம் இவரு டிபார்ட்மெண்டும்மா.

– இரு, டேப்ப சுத்துறேன்... ம். இந்தா, கேளு.

– ...பாய். இதேதானுங்க அந்தச் சத்தம்! இருங்க, மறுபடியும் போடுங்க, பதிவு பண்ணிக்கறேன். வாசல்ல நின்னு பேசிட்டு வர்றேன், இங்க சிக்னல் இல்ல.

– போ போ. நல்ல சேதியா வா.

– அந்தப் பொண்ணு போயிட்டா. இப்ப சொல்லுங்க. இன்னாத்துக்கு ஒங்களுக்கு இந்த வேல?

– ஒரு பாட்டு நசீம். ஒரு தடவ லைட்டுல.

– பாவம், வேலை போவுற பயத்துல வந்துக் கீது. அதப் போயி ஏமாத்துறீங்க. மேடையில ஏறி இன்னா பண்ணுவீங்க?

– அது என் கவல.

– பழையபடியே பண்ணிக்கலாம்னு மட்டும் நெனக்காதீங்க. இந்த தடவ நான் வரல. சொல்லிட்டேன்.

– வரலன்னா கச்சேரி இல்ல.

– இல்லன்னா இல்ல. முப்பது வருசமா இல்லாம நல்லாத்தான் கீறேன்.

– நல்லாவா கீற?

– ...வருது அந்தப் பொண்ணு. மூஞ்சத் தொடச்சிக்கினு வர்றேன்.

– பாய்! கேட்டுட்டாரு! ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம் சொல்றாரு, இது எங்க பாட்டுதான், ஆனா கடைசியில ஒரு நோட்டு வளையுதே, அது எங்களுது இல்லீயேன்னு. அந்த வளைவு யாரு போட்டது, எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கறாரு.

– தொட்டில் இழுப்பு அது.

– என்னங்கம்மா?

– தொட்டில இழுத்து வுட்டா, திரும்பி வரச்சொல்லோ கொஞ்சம் தயங்கும். அப்பதான் எங்க பெரியவ மெஹக் பொறந்திருந்தா. அது தூங்கணுமே... அந்த ஞாபகத்துல வந்த இழுப்பு.

– உங்களுக்கு எப்படிங்க அவ்வளவு சரியாத் தெரியுது?

– ஒரே ஊட்டுல குடும்பம் நடத்துறேன், தெரியாதா? ஒன் வேலையப் பாரும்மா.

– அப்ப இன்னா சொன்னாரு? சரின்னாரா, இல்லியா? வெலயப் பேசு பாப்பா.

– சரின்னாருங்க! ஒரு பாட்டு. ஆனா இன்னிக்கி நாலு மணிக்கு சவுண்ட் செக். அங்க நேர்ல கேட்டு, கை அப்படியே இருந்தாத்தான். கேசட்டு எண்பத்தொம்போது, இப்ப எப்படியோன்னு அவரு பயப்படறாரு.

– கை அப்டியே கீது.

– நீங்க சொன்னா ஆச்சுங்களா? ஜமக்காளத்தப் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குவோம்.

– பிரிச்சிப் பாரு. நாலு மணிக்கு கைய அங்க நிறுத்துறேன். இப்ப என் கண்டிஷன கேளு.

– இன்னுமா!

– மேடையில எந்த எடம் குடுப்ப?

– பின்னாடி வலது ஓரம். அங்க ஒரு சின்ன மேடை போட்டிருக்குதுங்க. நல்ல எடம். சூடும் இருக்காது.

– ஓரம் வேணா. நடுவுல. பாடுறவருக்குப் பக்கத்துல.

– நடுவுலயா? பாய், அவங்களே சண்டை போட்டுக்கற எடமுங்க அது.

– நடுவுல. முன்னாடி திரை, கொடி, பூச்செடி ஒண்ணும் இருக்கக் கூடாது. பெரிய லைட்டு ஒண்ணு, நேரா மேல. ரெண்டாயிரம் பேரும் வெரலப் பாக்கணும்.

– நில்லுங்க. லைட்டு சூடு பட்டா சுருதி எறங்கும், அதனாலதான் திரைக்குப் பின்னாடி வெச்சோமுன்னீங்களே?

– அது... ஒரு பாட்டுக்கு எறங்காது.

– அப்ப கல்யாணத்துல மட்டும் எறங்குச்சுங்களா?

– நல்லாக் கேளும்மா! அத்தினி வருசம் சூடு தாங்காத பொட்டி, இன்னிக்கி லண்டன்காரன் வந்ததும் தாங்குதாம். திரை வேணாமாம். நேரா மேல லைட்டாம். அப்பல்லாம் ஆம்பளைங்க பாப்பாங்க, சனங்க பேசுவாங்க, நெழல்லயே இருக்கட்டும்னு சொன்ன வாயி இது.

– யாரு நெழல்ல இருக்கணும்னு...

– பொட்டிதாம்மா! பொட்டியத்தான் சொல்றேன்.

– நசீம், கோவப்படாத.

– நான் ஏன் கோவப்படணும்? போங்க. அந்த வெள்ளைக் கோட்டு பீரோவுல அடித்தட்டுல கீது, பட்டன் போடாம போங்க. கூலிங் கிளாஸும் மறக்காதீங்க. நல்லாக் கை தட்டுவாங்க ஒங்களுக்கு. பழக்கம்தானே.

– அம்மா, நீங்களும் வரணுங்க. மொத வரிசையில சீட்டு போடறேன்.

– எனக்கு எதுக்கும்மா சீட்டு? நான் எந்தக் கச்சேரியையும் முன்னாலேர்ந்து பாத்ததே இல்ல. இப்பப் பாத்து இன்னா ஆவப்போவுது?

– அந்த மொத வரிசை சீட்டு எனக்குப் போடு பாப்பா.

– ஏனுங்க, நீங்க மேடையில இருப்பீங்க, உங்களுக்கு எதுக்கு சீட்டு?

– போடுன்னா போடு. நடு எடம் ஓகேவா, இல்லியா?

– ஒரு நிமிஷம், ஜன்னலோரம் சிக்னல் வருது, மெசேஜ் போட்டுக் கேக்கறேன்... வந்துருச்சு. நடு எடம் சரியாமுங்க. இடுப்பு வலிக்கற ஆளு, சாஞ்சு நிக்க ஏதாவது ஒண்ணு பக்கத்துல இருந்தா நல்லதுதான்னு எழுதிருக்காரு.

– லைட்டு?

– லைட்டும் சரி. பாட்டுக்கு முன்னாடி பெரிய ஸ்கிரீன்ல வாசிக்கறவங்க பேரு வரும். மைக்குல அவரே சொல்லுவாரு. இனிமேல் நீங்க எதுவும் கேக்கக் கூடாது பாய், கையில அடிங்க.

– அடிச்சாச்சி. முடிஞ்சிது யாவாரம்.

– அப்ப பாஸுக்குப் பேரு எழுதிக்கறேன். ஷவுகத் அலி... ‘ஷ’வுக்கு அப்புறம் ‘வு’ங்களா, ‘வ்’வுங்களா?

– என் பேரு எதுக்கு பாப்பா? நான் திரைக்கு முன்னாடி கூலிங் கிளாஸ் போட்டுக்கினு சும்மா வெரல ஆட்டுனவன், அந்தச் சின்னப் பொட்டியில ஒயரே கெடையாது. பின்னாடி ஒக்காந்து அத்தினி கல்யாணத்துலயும் வாசிச்சது இவதான். இன்னிக்கும், நான் மத்தியானம் லுஹர் தொழுவப் போனதும் போர்வைய எடுத்துட்டு வாசிக்கிறா. படிக்கட்டுல நின்னு பாட்டு முடியிற வரிக்கும் கேட்டுட்டுத்தான் நான் மேல ஏறுறேன். நசீம் பானுன்னு எழுதிக்கோ.

– ...அம்மா? நீங்களா?

– எழுதாத. ஒரே ஒரு பாட்டுக்கெல்லாம் நான் படியெறங்கி வர்றதா இல்ல. ரெண்டுன்னு சொல்லு அவருகிட்ட.